விருந்து என்னும் சொல்லும் சீன உணவும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைக் கடந்து செல்லும் மலைச்சாலை சென்றடையும் சிற்றூர்களுள் ஒன்று கூக்கால். ஏரியும் சோலைக்காடும் சூழ்ந்த இவ்வூரின் படிவயல்களில் பூண்டு சிறப்பாக விளைகின்றது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. காரட், பீன்ஸ், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஆகியனவும் மேல்மலைச் சரிவுகளின் விளைபொருள்களாம். இவற்றுள் உருளைக்கிழங்கு நீங்கலாக ஏனைய நான்கும் ஒரே சட்டியில் ஒன்றுகூடும் இடம் தமிழகத்து நகர்தோறும் உண்டு. அதுவே தெருமுனைச் சீன உணவகம்.

ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு சென்று, பழகிய மேசையில் அமர்ந்து, பட்டியலைப் பாராமலே சோள சூப்பும் பிரைடு ரைசும் கோபி மஞ்சூரியனும் கேட்டு உண்ணும் வழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. சோயா சாஸ், மிளகாய் சாஸ், பச்சைமிளகாய் ஊறிய வினிகர் ஆகிய மூன்றும் அம்மேசையின் அடையாளங்கள். பரிமாறுபவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவிற்கு நெருங்கிய இவ்வுணவகத்தை நாம் இன்னும் அயல்நாட்டுச் சுவை என்றே எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எத்துணை பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

தமிழர்க்கும் சீனர்க்கும் உள்ள உறவு பழமையானது. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரவையை அடைந்தன. சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. இவ்வுறவின் சுவடுகள் நம் அடுக்களையிலும் உள்ளன. தென்மாவட்டங்களில் வெண்சர்க்கரையைச் சீனி என்கிறோம். பொரிக்கும் இரும்புச் சட்டியைச் சீனச்சட்டி என்கிறோம். சீன உணவகம் வருமுன்னரே சீனத்தின் பெயர் நம் அடுப்பில் ஏறிவிட்டது.

மலைநாட்டிலும் சீனர் வாழ்ந்தனர். நீலகிரியில் நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடையே, தமிழ்ப் பெண்களை மணந்து வாழ்ந்த சீனர் குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் கண்டு எழுதியுள்ளார். கைதிகளாகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, விடுதலைக்குப்பின் காய்கறி பயிரிட்டும் சிறிதளவு காப்பி வளர்த்தும் மாடு பேணியும் அவர்கள் பிழைத்தனர். அவர்தம் வழியினர் நாளடைவில் மக்களோடு மக்களாய்க் கலந்தனர்.

இன்று நாம் உண்ணும் சீன உணவோ கல்கத்தாவில் உருப்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, கல்கத்தாவிற்கு அருகில் சர்க்கரை ஆலை நிறுவினார் டோங் அச்சியூ என்னும் சீனர். அவர் பெயராலேயே அவ்விடம் அச்சிப்பூர் எனப்படுகின்றது. அவருக்குப்பின் வந்தோருள் காண்டன் பகுதியினர் தச்சுத் தொழிலிலும், ஹூபே பகுதியினர் பல் மருத்துவத்திலும், ஹக்கா வகுப்பினர் தோல் பதனிடுதலிலும் சிறந்தனர். வங்காளத்துப் பச்சைமிளகாயும் இஞ்சியும் பூண்டும் ஹக்கா சமையலோடு கலந்தபோது புதியதொரு சுவை பிறந்தது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் சங்கச் சமையற்கூடத்தில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயைத் தாளித்து, சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துச் சிக்கன் மஞ்சூரியனைப் படைத்தார் என்பர். மஞ்சூரியாவில் இப்படியோர் உணவு இல்லை. கோழியின் இடத்தில் காலிஃபிளவர் அமர்ந்ததும் அது சைவர் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

நா இங்ஙனம் ஏற்றுக்கொண்ட இச்சுவையை அளித்த மக்களை நாடு எவ்வாறு நடத்தியது? 1962-ஆம் ஆண்டு எல்லைப் போரை அடுத்து, அசாம், வங்காளம் முதலிய பகுதிகளில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர், முதியோரும் குழந்தைகளுமாக, இராஜஸ்தானத்தின் தியோலி முகாமிற்கு இரயிலில் கொண்டுசெல்லப்பட்டு அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். சிலர் 1967 வரை அங்கு வைக்கப்பட்டிருந்தனர். மீண்டு வந்தோர் பலர்க்கு வீடும் கடையும் எஞ்சவில்லை. பின்னர், 1996-இல் உச்சநீதிமன்றம் கல்கத்தாவின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்றப் பணித்தபோது, டாங்ராப் பகுதியில் தோல் மணம் குறைந்து, உணவகங்களின் பூண்டு மணம் ஓங்கியது. சீனர் பலர் கனடாவின் டொரான்டோ நகரில் குடியேறி, அங்கும் 'ஹக்கா உணவு' என்ற பெயரில் இதே மிளகாயையும் பூண்டையும் தாளிக்கின்றனர். 1983-க்குப்பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் அடைக்கலம் தேடிச் சென்றதும் அந்நகருக்கே என்பது இங்கு நினையத்தக்கது.

கொடைக்கானலும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. 1959-க்குப்பின் இந்தியாவிற்கு வந்த திபெத்தியருள் சிலர் இம்மலைநகரில் கம்பளி உடை விற்றனர், பி.டி. சாலைப் பகுதியில் மோமோவும் நூடுல்சும் பரிமாறும் சிற்றுணவகங்களும் தோன்றின. சீன ஆட்சியினின்று தப்பி வந்தோர் சமைத்ததையும் வாடிக்கையாளர் 'சீன உணவு' என்றே கேட்டு உண்டது வரலாற்றின் முரண் எனலாம்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். தொல்காப்பியர் நூல் வனப்புகள் எட்டனுள் ஒன்றாக விருந்தினை வைத்தார். புதிதாகப் புனையும் யாப்பு அது. புதிதாய் வருபவரும் விருந்து; அவர்க்குப் படைக்கும் உணவும் விருந்து. புதுமை, புதியவர், உணவு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழிக்கு, அவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்குதல் இயல்பன்று. நம் நாடோ சீனர் தந்த உணவையும் அதன் புதுமையையும் ஏற்றது. புதியவராகிய மனிதரை முள்வேலிக்குள் வைத்தது. புதுமையை விரும்பும் கவிஞர்க்கு இச்செய்தி பொருளுடையது. கூக்கால் பூண்டு மணக்கும் தட்டு அடுத்தமுறை மேசைக்கு வரும்போது, அச்சுவையை ஆக்கித் தந்தோர் தியோலியில் கழித்த ஆண்டுகளும் நம் பேச்சில் இடம்பெறுதல் வேண்டும்.