1971 வங்காள அகதிகள்: கூடாரம், குடிநீர், வீடு திரும்புதல்

1971 மார்ச் 25 நள்ளிரவில் கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. அதன் பின் ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் சுமார் ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்கு வந்தனர். இந்திய அரசின் கணக்குப்படி அவர்களின் எண்ணிக்கை 98,99,305. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தனை குறுகிய காலத்தில் இவ்வளவு பேர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஓடி வந்த நிகழ்வுகள் மிகச் சிலவே. பாடநூல்களில் இந்த ஆண்டு பெரும்பாலும் டிசம்பர் மாதத்துப் போராகவும் வங்காளதேசத்தின் பிறப்பாகவுமே நினைக்கப்படுகிறது. போருக்கு முந்தைய எட்டு மாதங்களில் அந்த ஒரு கோடிப் பேர் எப்படி உயிர் வாழ்ந்தார்கள் என்பது அதே அளவு முக்கியமான வரலாறு.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1970 நவம்பரில் போலா புயல் கிழக்குப் பாகிஸ்தானின் கடலோரத்தைத் தாக்கியது. பல இலட்சம் பேர் இறந்தனர். அரசின் நிவாரணப் பணி மிக மந்தமாக இருந்ததால் மக்களின் கோபம் பெருகியது. அடுத்த மாதம் நடந்த பொதுத் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி கிழக்கில் இரண்டு தொகுதிகளைத் தவிர மற்ற அனைத்தையும் வென்று, தேசிய அவையில் தனிப்பெரும்பான்மை பெற்றது. ஆனால் ஆட்சி அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. பேச்சுவார்த்தை முறிந்தது, இராணுவம் இறங்கியது, மாணவர்களும் ஆசிரியர்களும் இந்துச் சிறுபான்மையினரும் குறிவைத்துக் கொல்லப்பட்டனர்.

எல்லையைக் கடந்தவர்கள்

முதலில் வந்தவர்களை உறவினர்களும் பள்ளிக்கூடங்களும் தாங்கிக்கொண்டன. மே மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு இலட்சம் பேர் வரத் தொடங்கியபோது எந்த ஏற்பாடும் போதவில்லை. ஏறத்தாழ 75 இலட்சம் பேர் மேற்கு வங்கத்துக்கும், 14 இலட்சம் பேர் திரிபுராவுக்கும், மற்றவர்கள் மேகாலயா, அசாம் பகுதிகளுக்கும் சென்றனர். திரிபுராவின் நிலையைத் தனியே கவனிக்க வேண்டும். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்களே சுமார் 15.5 இலட்சம் பேர்தான். அதாவது, அங்கே வீட்டுக்காரர்களும் விருந்தாளிகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்தனர். உணவுப் பொருள், மருந்து, கூடாரத் துணி என அனைத்தும் அசாம் வழியாக நீண்ட மலைப்பாதையைச் சுற்றித்தான் அங்கு சேர வேண்டியிருந்தது.

மொத்தம் 825 முகாம்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் சுமார் 68 இலட்சம் பேர் தங்கினர். மீதமிருந்த 31 இலட்சம் பேரை உறவினர்களும் நண்பர்களும் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டனர். இந்த 31 இலட்சத்தைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. மேற்கு வங்கத்தின் எளிய குடும்பங்கள் தங்கள் சோற்றுப் பானையைப் பங்கு போட்டுக்கொண்டது எந்த நன்கொடைப் பட்டியலிலும் சேரவில்லை.

கல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், சதுப்பு நிலத்தை மணலால் நிரப்பி உருவாக்கப்பட்டு வந்த சால்ட் லேக் என்னும் இடத்தில் மட்டும் சுமார் இரண்டரை இலட்சம் பேர் தங்கினர். கூடாரம் கிடைக்காதவர்கள் கழிவுநீர்க் கால்வாய்க்காகக் கொண்டுவந்து போடப்பட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பத்தோடு குடியிருந்தனர். அந்தக் குழாய்களின் புகைப்படங்களே உலகப் பத்திரிகைகளில் அதிகம் வெளிவந்தன. இன்று அந்த இடம் விதான்நகர் என்னும் வசதியான நகர்ப்பகுதி.

மழைக்காலமும் காலராவும்

அகதிகளுக்கு முதல் தேவை அரிசி என்றே பொதுவாக நினைக்கிறோம். முகாம்களில் அரிசியும் பருப்பும் ஓரளவு தொடர்ந்து கொடுக்கப்பட்டன. உயிரைக் குடித்தது தண்ணீர்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தாழ்நிலத்து முகாம்களில் வெள்ளம் புகுந்தது. கழிப்பிடக் குழிகள் நிரம்பி வழிந்தன. குழாய்க் கிணறுகள் போதிய அளவில் இல்லாததால் மக்கள் குளத்து நீரைக் குடித்தனர். காலரா பரவியது. செப்டம்பர் முடிவில் அகதிகளிடையே காலரா கண்டவர்களின் எண்ணிக்கை 46,000ஐத் தாண்டியது.

காலராக் கிருமி சிறுகுடலில் ஒரு நச்சை உண்டாக்குகிறது. அதனால் உடலின் நீரும் உப்பும் பேதியாக வெளியேறுகின்றன. கடுமையான நோயாளி ஒரு நாளில் பல லிட்டர் நீரை இழந்து, சில மணி நேரத்திலேயே இறந்துவிடக் கூடும். இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்தால் பிழைத்துவிடுவார். அக்காலத்தில் அதற்கு மருத்துவர்கள் நம்பியிருந்த வழி, இரத்தக் குழாயில் சலைன் ஏற்றுவது. அதற்குப் பாட்டில், கிருமி நீக்கிய ஊசி, பயிற்சி பெற்ற ஆள் ஆகிய மூன்றும் வேண்டும். முகாம்களில் மூன்றுமே பற்றாக்குறை.

ஜெசோர் சாலையில் எல்லையை ஒட்டி இருக்கும் போன்காவ் என்னும் சிற்றூரின் மருத்துவமனைக்கு ஜூன் மாதக் கடைசியில் டாக்டர் திலீப் மகலானபிஸ் அனுப்பப்பட்டார். குழந்தை மருத்துவரான அவர், கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றி வந்தார். அவரே கிழக்கு வங்காளத்தில் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். போன்காவில் காலராவுக்கென இருந்தவை இரண்டு அறைகள். கட்டில்கள் நிரம்பி, தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். அவர்களுக்கு ஊசி ஏற்ற, மலத்திலும் வாந்தியிலும் முழங்காலிட்டு அமர வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே சலைன் கையிருப்பு தீரப்போகிறது என்பது தெரிந்துவிட்டது.

அப்போது அவர் எடுத்த முடிவு பெரியது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தே காலரா நோயாளியைத் தேற்றலாம் என்று டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருந்தன. வெறும் உப்பு நீரை நோயுற்ற குடல் உறிஞ்சாது. அதோடு குளுக்கோஸ் சேர்ந்தால், குளுக்கோஸ் உள்ளே செல்லும்போது சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. சோடியத்தின் பின்னால் தண்ணீரும் செல்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் நல்ல மருத்துவமனைகளில், மருத்துவர்களின் நேரடிப் பார்வையில் நடந்தவை. வெளியில், படிப்பறியாத மக்களின் கையில் இதை ஒப்படைப்பது ஆபத்து என்பதே மருத்துவ உலகின் அன்றைய கருத்து.

மகலானபிஸ் குழுவினர் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொடியைத் தயாரித்தனர். கல்கத்தா ஆய்வு மையத்தின் நூலக அறையில் அவற்றை எடை போட்டு, பிளாஸ்டிக் பைகளில் இட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டினார்கள். கல்கத்தா சந்தையில் வாங்கிய பொருட்களே போதுமானவையாக இருந்தன. ஒரு லிட்டருக்கு ஆன செலவு சுமார் 11 பைசா. போன்காவில் அந்தப் பொடியைப் பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். நோயாளியின் தாயோ கணவனோ குவளையில் பிடித்துச் சென்று வாயில் ஊட்டினார்கள். நாடித்துடிப்பே தெரியாத அளவுக்கு மோசமானவர்களுக்கு மட்டும் மிச்சமிருந்த சலைன் ஏற்றப்பட்டது. வாய்வழி மருந்து என்றால் மக்கள் நம்பமாட்டார்கள் என்பதால் அதை 'வாய்வழி சலைன்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாமரருக்கும் 'சலைன்' என்ற சொல் தெரிந்திருந்தது. பெயர் வைப்பதிலும் ஒரு மருத்துவம் இருக்கிறது.

எட்டு வாரங்களில் அங்கு 3,700 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றனர். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. கரைசல் செய்யும் முறையைத் துண்டுப் பிரசுரங்களாக எல்லையோரம் பரப்பினர். வங்காளதேச விடுதலைப் படையினரின் இரகசிய வானொலியும் அதை ஒலிபரப்பியது. 1973இல் இந்த அனுபவம் கட்டுரையாக வெளிவந்தபோதும் சந்தேகங்கள் உடனே தீரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1978இல், உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் முன்னோர் போன்காவ் பீப்பாய்தான். மகலானபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் விருது அவர் மறைந்தபின் 2023இல் அறிவிக்கப்பட்டது. வாழும் காலத்தில் அவருக்கு இந்தியாவில் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பதே உண்மை.

செலவு யாருடையது?

1971 ஏப்ரலிலேயே இந்தியா ஐக்கிய நாடுகள் அவையிடம் உதவி கேட்டது. பொதுச்செயலர் ஊ தாண்ட், அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகத்தை ஒருங்கிணைப்பு மையமாக நியமித்தார். அப்போதைய உயர் ஆணையர் சதுருதீன் ஆகா கான். பல நாடுகள் போர்வை, பால்பொடி, தடுப்பூசி மருந்து அனுப்பின. ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய இசை நிகழ்ச்சி சுமார் 2.43 இலட்சம் டாலர் திரட்டி யுனிசெஃப் அமைப்புக்கு அளித்தது. அதே மாதம் அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடி முகாம்களுக்கு நேரில் வந்தார். பெயர் பெற்ற இந்த முயற்சிகள் உலகின் கண்ணைத் திறந்தன. ஆனால் ஓர் ஆண்டுச் செலவு 70 கோடி டாலர் வரை ஆகும் என உலக வங்கி மதிப்பிட்டிருந்தது. வந்த வெளிநாட்டு உதவி அதில் ஒரு பகுதிக்கே போதுமானது.

மிச்சத்தை இந்தியர்கள் கட்டினார்கள். 1971 நவம்பர் 15 முதல் தபால்களில் ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. புதிய தபால்தலை அச்சிடும் வரை, புழக்கத்திலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மீதே அகதிகள் நிவாரணம் என்று முத்திரையிட்டு விற்றார்கள். ரயில் கட்டணத்திலும் வரி சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் கடிதம் எழுதியவரும் சால்ட் லேக் முகாமுக்கு ஐந்து பைசா கொடுத்தவரே.

சட்ட நிலையையும் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இன்றுவரை அதே நிலைதான். ஆகவே வந்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, சட்ட உரிமையாக இல்லாமல் அரசின் முடிவாகவே இருந்தது. அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள், இங்கு குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று இந்திரா காந்தி அரசு தொடக்கத்திலிருந்தே கூறி வந்தது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து மண்டபம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த தமிழர்களும் இதே சட்டச் சூழலில்தான் முகாம்களில் வாழ்ந்து வருகின்றனர்.

திரும்பிச் சென்றவர்களும் திரும்ப முடியாதவர்களும்

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதன் பின் நடந்தது வரலாற்றில் அரிதானது. 1972 ஜனவரியில் நாளொன்றுக்குச் சராசரியாக 2,10,000 பேர் எல்லையைக் கடந்து வீடு திரும்பினர். நடந்தும், சைக்கிளிலும், ரிக்சாவிலும், லாரிகளில் நின்றுகொண்டும் சென்றனர். அந்த மாத முடிவில் 60 இலட்சம் பேரும், பிப்ரவரி முடிவில் 90 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களும் திரும்பிவிட்டனர். மார்ச் 25 அன்று, அதாவது சரியாக ஓர் ஆண்டு கழித்து, இந்தியாவில் எஞ்சியிருப்பவர்கள் 60,000 பேர் என்று அரசு மதிப்பிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிச் சாப்பாடும் இரண்டு வார ரேஷனும் கொடுக்கப்பட்டன. இரண்டு வாரத்துக்குப் பின் எரிந்துபோன வீட்டையும், உழ மாடில்லாத வயலையும், பாலங்கள் தகர்ந்த சாலையையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே வெற்றி வேறொரு கூட்டத்தை இருந்த இடத்திலேயே அகதிகளாக்கியது. 1947 பிரிவினையில் பீகார் முதலிய இடங்களிலிருந்து கிழக்கு வங்காளம் சென்ற உருது பேசும் முஸ்லிம்கள் 'பீகாரிகள்' என்று அழைக்கப்பட்டனர். அவர்களில் பலர் பாகிஸ்தான் பக்கம் நின்றதால், விடுதலைக்குப் பின் அனைவரும் வெறுப்புக்கு ஆளாயினர்; வீடுகளையும் வேலையையும் இழந்து முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். ஒரு பகுதியினரைப் பாகிஸ்தான் ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லாதவர்களாகப் பல பத்தாண்டுகள் கழித்தனர். 2008 மே மாதம் டாக்கா உயர் நீதிமன்றம் அவர்களை வங்காளதேசக் குடிமக்களாக ஏற்றுத் தீர்ப்பளித்து, வாக்காளர் பட்டியலில் சேர்க்க உத்தரவிட்டது. தீர்ப்புக்குப் பின் அடையாள அட்டை கிடைத்தது. டாக்காவின் முகமதுபூரில் 'ஜெனீவா கேம்ப்' என்னும் பெயரில் உள்ள முகாமில், ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் என்ற நிலையில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் வசிக்கின்றனர்.