அங்க பேஞ்சுதுங்களா?

ஆவணி பாதி கடந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் செல்பேசியில் எந்தப் பேச்சும் “அங்க பேஞ்சுதுங்களா?” என்ற கேள்வியைத் தொடாமல் முடியாது. கல்யாணம், கருமாதி, கடன் பாக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான். வெளியூர்க்காரர் காதில் இது வெறும் நலம் விசாரிப்பாக விழும். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பங்காளியிடம் மழை பெய்ததா என்று கேட்பதில் என்ன இருக்கிறது என்றும் தோன்றும். எங்கள் ஊரில் அந்த எட்டு கிலோமீட்டர் பெரிய தூரம். எங்கள் அப்பாரு சொல்வார்: “மாட்டுக்கு வலக்கொம்பு நனையும், எடக்கொம்பு காயும் கண்ணு. அதுதான் பொரட்டாசி மழை.”

சேலத்தைச் சுற்றி வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை. ராசிபுரத்துக்குப் போதமலை, சேந்தமங்கலத்துக்குக் கொல்லிமலை. நடுவில் காவிரி வரைக்கும் செம்மண் சமவெளி. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் கேரளத்துச் சரிவுகளில் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு இந்தப் பக்கம் வருகிறது. புழுதிதான் பறக்கும். ஆவணிக்கு மேல் அந்தக் காற்று தளர்கிறது. காலையில் புழுக்கம், மத்தியானம் கொளுத்தும் வெயில், மூன்று மணிக்கு மேல் மலைத் தலைகளில் மேகம் கோபுரம் கட்டத் தொடங்கும். சாயங்காலம் ஓர் இடி, நாற்பது நிமிட மழை, முடிந்தது. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்பதுதான் அந்தச் சொலவடையின் சாரம். எந்த மலையில் எந்த மேகம் மூளும், அது எந்தக் காட்டின்மேல் போய் உடையும் என்பதை முந்தின நாள் யாராலும் சொல்ல முடியாது.

சென்னைக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் என்று வானிலைத் துறை அக்டோபர் 20-ஐக் குறிக்கிறது. எங்களுக்கு அது வருவதற்கு முன்னாலேயே, இந்தச் சாயங்கால இடிமழைகளிலேயே, வருஷக் கணக்கில் பெரிய பங்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் நிலக்கடலையில் பருப்பு நிற்காது. ஆகவே இந்தச் சமவெளியில் மழையைப் பார்ப்பது என்பது எப்போதுமே ஒட்டு ஒட்டாகப் பெய்யும் ஒன்றைப் பார்ப்பதுதான். அதை ஒற்றை எண்ணாகச் சுருக்க முயன்றவர்களின் கதையைத்தான் கொஞ்ச காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதை 1792-இல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அந்த வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பெனிக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு குடியானவனின் நிலத்தையும் அளந்து, அவனிடமே ரொக்கமாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். அதே 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கும்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இப்போதும் மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு.

ஒரு பக்கம் மண்ணை அளக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம் வானத்தை. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ஏறத்தாழ எண்பது வருஷமும் ஒரு பெரும் பஞ்சமும் வேண்டியிருந்தன.

ரயத்துவாரியைப் பற்றி நல்லதும் கெட்டதும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மழையின் கண்ணிலிருந்து பார்த்தால் அதில் ஒரு விஷயம்தான் முக்கியம். வெள்ளாமையில் பங்கு என்றால் மழை பொய்த்தபோது அரசனுக்கும் நஷ்டம். நிலத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கட்டிவிட்டால் மழையின் சூதாட்டம் முழுக்கக் குடியானவன் தலையில். வஜா கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்பதில்லை.

1876, தாது வருஷம். இரண்டு பருவமும் பொய்த்தன. இன்றைக்கும் எங்கள் பக்கம் பெரிய பஞ்சம் என்றால் ‘தாது வருசப் பஞ்சம்’தான். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்தது. 1871 கணக்கெடுப்பில் அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 19.7 லட்சம். 1881-இல் ஏறக்குறைய 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாரும் இந்தக் கழித்தலுக்குள் இருக்கிறார்கள். 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் ஜில்லா மானுவல் அந்தப் பஞ்சத்தின் சூடு ஆறாத காலத்துப் புத்தகம்.

ரயில் இருந்தது. தானியம் வந்தது. வாங்கக் காசுதான் இல்லை. 1877 ஜனவரியில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் கம்மி. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். உடல் உழைப்புக்கு இவ்வளவு உணவு பற்றாது என்பது அவர் கட்சி. கூலி ஓரளவு பிற்பாடு உயர்ந்தது, அதற்குள் ஏராளமானோர் போய்விட்டார்கள்.

இதே 1877-இல்தான் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற அதிகாரி தென்னிந்தியப் பஞ்சங்களுக்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் முடிச்சுப் போட்டார். பதினோரு வருஷச் சுழற்சி, புள்ளி குறையும்போது மழை குறையும் என்பது அவர் வாதம். ஆதாரம் என்ன? சென்னையில் 1813 முதல் எடுக்கப்பட்ட மழைக்கணக்கு. அதாவது கடற்கரையில் இருந்த ஒற்றை ஊரின் எண்களை வைத்துத் தெற்குச் சீமை முழுவதற்கும் ஜாதகம் கணித்தார். சாமி மலையேறிவிட்டது என்று சொன்னதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று வித்தியாசம்: கரும்புள்ளிதான் காரணம் என்றால் வரிக்கும் கூலிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

பஞ்சத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1875-இல், ஹென்றி பிளான்ஃபோர்டின் தலைமையில் இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. பஞ்சம் அதன் வேலையை நிர்ணயித்தது: மழை வருமா என்று முன்கூட்டிச் சொல். 1904-இல் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித ஆள். உலகெங்கும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, பசிபிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தம் ஊஞ்சல்போல ஆடுவதைக் கண்டார். இன்று எல் நினோவோடு சேர்த்துப் பேசுவது அதைத்தான். 1877-இல் அடித்ததும் மிகப் பெரிய எல் நினோ.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் வேறொருவர். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சனின் மகள் இஸிஸ் போக்சன். அங்கே கணக்கிடுபவராகச் சேர்ந்தவர், 1881 முதல் சென்னை அரசின் வானிலைப் பொறுப்பைக் கவனித்தார். 1886-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு அவர் பெயரை அப்பா முன்மொழிந்தார், பெண் என்று மறுத்தார்கள். 1920-இல்தான் சேர்த்தார்கள். மாகாணத்தின் காற்றையும் மழையையும் எண்ணாக்கிய மேசையில் இப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

தாலுகா ஆபீஸ் மழைமானியைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பி வேலிக்குள் குத்துக்கல் மாதிரி நிற்கும். காலை எட்டரைக்கு ஒருவர் வந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுதுவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெய்தது புதன்கிழமைத் தேதியில் ஏறுவது இதனால்தான். டீக்கடையில் இதை வைத்தே சண்டை நடக்கும். இப்போது துறை பரவலாகப் பயன்படுத்தும் மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், அகலமான ஒரு டீ வடிகட்டி அளவு. சேலம் மாவட்டம் ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு மானிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எத்தனையோ மாட்டுக்கொம்புகள்.

எழுத்தில் கூட எல்லைகள் கலங்கிக் கிடக்கின்றன. நாமக்கல் 1910-இல் சேலத்திலிருந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குப் போய்ப் பிற்பாடு திரும்பியது. ஆகவே 1918-இல் ரிச்சர்ட்ஸ் கொண்டுவந்த சேலம் கெசட்டியரில் நாமக்கல்காரன் தன் மழையைத் தேடினால் கொஞ்சம் திண்டாடுவான். 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. அது மறுபடி வந்த தாது வருஷம் என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சர்க்கார் கணக்குக்கு வெளியே இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழிக் கடைசியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் பதினாலு நாள் கர்ப்போட்டம். மேகம் கருத்தரிக்கும் காலம். அன்றைக்கு மேகம் எந்தத் திசையில் ஓடியது, தூறியதா, பனி விழுந்ததா என்று பார்த்து, அதை வைத்து அடுத்த மழைக்காலத்தைச் சொல்வது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை கருத்தரித்த 195-ஆம் நாளில் பிரசவம் என்கிறது. எங்கள் அப்பாரு நாள்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். அது ஜோசியமாகப் பலித்ததா என்றால் பெரிதாக இல்லை. ஆனால் பதினாலு நாள் விடாமல் ஒருவர் தன் சொந்தக் காட்டின் மேலிருக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்துக் குறித்தார். தாலுகா ஆபீஸ் அதைச் செய்யவில்லை. மழையை அவர் மில்லிமீட்டரில் சொன்னதும் இல்லை. “ஒரு ஒழவு மழை”, அவ்வளவுதான். ஏர் பூட்டுகிற அளவுக்கு மண் நனைந்ததா என்பதுதான் அவருக்கு வேண்டிய அளவு. ஓர் அங்குலம் பெய்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னபோது, “லிட்டர்ல யாரு ஒழுவுறா?” என்றார்.

வானத்தைப் பார்ப்பவர்கள் உழுபவர்கள் மட்டும் இல்லை. மரவள்ளி அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளில் பெரிய சிமெண்டுக் களங்கள் உண்டு. வெயிலில் பரப்பிய சரக்கு நனைந்தால் நிறம் போய்விடும், விலையும் போய்விடும். புரட்டாசி மத்தியானத்தில் ஒரு கண் களத்திலும் ஒரு கண் மலையிலுமாகத்தான் வேலை. குழித்தறி நெசவாளிக்குக் கால் வைக்கும் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். தெருவில் பாவு விரித்தவருக்குத் தூறலே போதும். இவர்களுக்கெல்லாம் மழை வேண்டாம், பக்கத்துக் காட்டுக்காரருக்கு வேண்டும். ஒரே தெருவில் ஒரே மேகத்துக்கு எதிரெதிர் வேண்டுதல்.

நாமக்கல்லில் இதன் நவீன வடிவம் கோழி. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இரைக்கும், தீவனத்தைக் குறைக்கும், முட்டை ஓடு மெலியும். தினமும் கோடிக்கணக்கில் முட்டை போகிற ஊரில் இது சின்ன விஷயமா? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேளாண் வானிலை மையம் கோழிப் பண்ணையாளர்களுக்கென்றே அறிக்கை விடுகிறது. வெப்பம், காற்று, மழை, கூடவே தீவனத்தில் என்ன சேர்க்கலாம் என்ற யோசனை. நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். புரட்டாசியில் ராத்திரி குளிர்ந்ததும் கோழி நன்றாகத் தின்னும். ஆனால் பெருமாள் மாசம், மனுஷன் முட்டை தின்ன மாட்டான், விலை இறங்கும். வானிலையும் பஞ்சாங்கமும் இப்படி ஒரே பண்ணையில் மோதிக்கொள்ளும் ஊர் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 1876-க்குப் பிறகு இவ்வளவு மோசம் இல்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கஞ்சித்தொட்டி வேண்டியிருக்கவில்லை. ரேஷன் கடை இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது. இரண்டு வறட்சிக்கும் நடுவில் மாறியது வானம் அல்ல, இதுதான். ஆனால் ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் காற்றை மட்டும் இழுத்ததைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். தென்னை காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது தனி வேதனை. ஒரு போகம் போனால் ஒரு வருஷம், தென்னை போனால் ஒரு தலைமுறை.

இப்போது தகவலுக்குப் பஞ்சமில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் ஊரறிந்த பிரதீப் ஜான், விவசாயிகள் விரும்பிக் கேட்கும் மன்னார்குடி செல்வகுமார் என்று துறைக்கு வெளியே இருந்து சொல்பவர்களைப் பெருங்கூட்டம் நம்புகிறது. வட்டாரங்களில் தானியங்கி நிலையங்கள் வந்துவிட்டன. எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஆன்லைனில் மழைமானி வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறான். அவனைப்போல் நாற்பது ஐம்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் காலை எட்டரைக்குத் தங்கள் எண்களைப் போடுகிறார்கள், துறையின் நேரத்தைப் பிசகாமல். ஒரே பஞ்சாயத்துக்குள் ஒருவர் முப்பது என்பார், இன்னொருவர் பூஜ்யம் என்பார். ஒட்டு ஒட்டான மழை முதல்முறையாக ஒட்டு ஒட்டாகவே பதிவாகிறது.

ஆனால் வானிலையை வைத்துத் தரும் பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு என்பது குறிப்பிட்டுவைத்த நிலையத்தின் எண்ணைப் பொறுத்தது. அந்த நிலையத்தின் வாயில் நாற்பது மில்லிமீட்டர் விழுந்திருந்தால், பூஜ்யம் போட்டவனின் காட்டிலும் நாற்பது பெய்ததாகத்தான் அர்த்தம். போன புரட்டாசியில் அந்தப் பையன் தன் மூன்று வருஷப் பதிவை அச்செடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனான். வாங்கிப் பார்த்தவர், நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் இதில் சீல் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். அவன் இப்போதும் தினமும் குறிக்கிறான்.