ஓடுகாலிகளின் வரலாறு

தமிழில் ‘ஓடுகாலி’ என்றொரு வசைச்சொல் உண்டு. ஓடுகின்ற காலை உடையவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அகராதி அதை இருபாலுக்கும் பொதுவாக வைத்தாலும், வழக்கில் அது பெரும்பாலும் பெண்ணின் மீதே வந்து விழுகிறது. வீட்டைவிட்டுப் போனவள், சொன்ன பேச்சு கேளாதவள், நினைத்த இடத்துக்குப் போகிறவள் எல்லாரும் ஓடுகாலிகள். ஓடும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்ப்பது நம் மொழிக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. விளையாட்டு மைதானத்தில் அந்தச் சந்தேகம் விதியாகவும் பரிசோதனையாகவும் எழுதப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நவீன ஒலிம்பிக் 1896இல் தொடங்கியது. தடகளத்தில் பெண்கள் ஓட 1928 ஆம்ஸ்டர்டாம் வரை காத்திருந்தார்கள். அந்த இடமும் தானாகக் கிடைக்கவில்லை. பிரான்சின் ஆலிஸ் மிலியா பெண்களுக்கெனத் தனிச் சர்வதேச அமைப்பை உருவாக்கி, 1922இல் பாரிசில் தனிப் போட்டிகளே நடத்திக் காட்டிய பிறகு, ஐந்தே ஐந்து பந்தயங்களுக்குக் கதவு திறந்தது. 100 மீட்டரில் அமெரிக்காவின் பதினாறு வயது பெட்டி ராபின்சன் 12.2 விநாடியில் தங்கம் வென்றார். ஆனால் 800 மீட்டர் முடிந்ததும் களைத்துப்போன பெண்களைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கி எழுதின. அந்த ஓட்டம் 1960 வரை பெண்களுக்கு நிறுத்தப்பட்டது. 

முதல் கேள்வி, ‘பெண்ணால் ஓட முடியுமா?’ என்பது. ஓடிக் காட்டியதும் கேள்வி மாறியது: ‘இவ்வளவு வேகமாக ஓடுபவள் பெண்தானா?’

1936 பெர்லினில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் 11.5 விநாடியில் 100 மீட்டரை வென்றார். முந்தைய ஒலிம்பிக்கின் தங்க மங்கை, போலந்துக்காக ஓடிய ஸ்டெல்லா வால்ஷ், இரண்டாவதாக வந்தார். வென்ற ஸ்டீபன்ஸ் ஆண் என்று போலந்துப் பத்திரிகை எழுத, அவர் பெண்தான் என்று அதிகாரிகள் சான்று சொல்ல வேண்டியிருந்தது. 1980இல் வால்ஷ் அமெரிக்காவில் கொள்ளையன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேதப் பரிசோதனையில் அவர் உடல் இருபாற்கூறு கொண்டது என்று தெரிந்ததும், செத்தவரின் உடல் உலகச் செய்தியானது.

நெதர்லாந்தின் ஃபூக்யே டில்லெமா 1950இல் 200 மீட்டரை 24.1 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். அதே ஆண்டு ஜூலையில் அவருக்கு ஆயுள் தடை. சாதனையும் அழிக்கப்பட்டது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படிப் பிறந்திருந்தார், அவ்வளவுதான்.

1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நடந்துபோக வேண்டியிருந்தது. அந்தச் சோதனையைத் தாண்டி 100 மீட்டரில் தங்கம் வென்றவர் போலந்தின் ஏவா குவொபுகோவ்ஸ்கா. அடுத்த ஆண்டு கியேவில் குரோமோசோம் பரிசோதனை வந்தது. போன வருடம் கண்ணால் பார்த்துப் பெண் என்று சொன்னவரை, இந்த வருடம் நுண்ணோக்கியில் பார்த்துப் பெண் இல்லை என்றார்கள். 1965இல் பிராகில் ஒரே பந்தயத்தில் ஏவாவும் சக வீராங்கனை இரேனா கிர்ஷென்ஸ்டைனும் 11.1 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார்கள். இன்று சாதனைப் பட்டியலில் அந்த நாளுக்கு எதிரே இரேனாவின் பெயர் மட்டுமே நிற்கிறது. எந்தப் பட்டியலைப் படித்தாலும் அதிலிருந்து யாரை எடுத்தார்கள் என்று தேடும் பழக்கம் எனக்கு ஏவாவிடமிருந்துதான் வந்தது.

1968 முதல் ஒலிம்பிக்கில் ஒவ்வொரு பெண்ணும் கன்னத்தின் உட்புறச் செல்லைக் கொடுத்துத் தன்னை நிரூபித்தார். 1976இல் பிரிட்டிஷ் இளவரசி ஆனுக்கு மட்டும் விலக்கு. ராஜ குடும்பத்தின் உடல் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது போலும்.

இந்தச் சோதனையின் அடிப்படையையே அசைத்தவர் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோஸே மார்த்தினெஸ் பாத்தினியோ. 1985இல் ஜப்பானில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் அவருக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம் இருப்பது தெரிந்தது. ஆனால் அவர் உடலின் செல்கள் டெஸ்டோஸ்டிரோனை ஏற்காதவை. அந்த ஹார்மோனால் அவருக்குக் கிடைத்த ஆதாயம் எதுவும் இல்லை. அடிபட்டதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்து ஓடி வென்றார். விஷயம் பத்திரிகைக்குக் கசிந்தது. உதவித்தொகை, சாதனைகள், காதலன் எல்லாம் போயின. போராடி 1988இல் ஓடும் உரிமையை மீட்டார். அதற்குள் ஓடவேண்டிய வயதில் மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ‘மாறான’ முடிவு வந்தது. எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் குழு கட்டாயச் சோதனையைக் கைவிட்டது.

ஆனால் சந்தேகப்பட்டவரை மட்டும் சோதிக்கும் வழி திறந்தே இருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகளாகப் பிறந்த தலித் பெண் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை, பதக்கம் பறிபோனது. அதைவிடக் கொடுமை, அவர் உடலைப் பற்றிய மருத்துவ விவரம் தொலைக்காட்சியில் ஓடியது. நம் ஊரில் விளையாட்டு என்பது ஏழைப் பெண்ணுக்கு ரயில்வேயிலோ போலீசிலோ வேலைக்கான வழி. பதக்கத்தைப் பறித்தபோது சோற்றையும் சேர்த்தே பறித்தார்கள். பின்னாளில் அவர் செங்கல் சூளையில் கூலிக்குப் போனார்.

2014இல் ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் டூட்டி சந்துக்கு வயது பதினெட்டு. டெஸ்டோஸ்டிரோன் அளவு அதிகம் என்று காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். மருந்தோ அறுவை சிகிச்சையோ எடுத்து உடலை மாற்றிக்கொள்ள மறுத்து, விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. இயற்கையான ஹார்மோன் அளவால் எவ்வளவு ஆதாயம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 2016இல், பி.டி. உஷாவுக்கு 36 ஆண்டுகள் கழித்து, ஒலிம்பிக் 100 மீட்டரில் ஓடிய இந்தியப் பெண் ஆனார். 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி. 2023இல் ஊக்கமருந்துக்காக அவருக்குத் தடை வந்தது உண்மை. அது அவர் செய்த செயல் பற்றிய வழக்கு. 2014இல் நடந்தது அவர் பிறப்பின் மீதான வழக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஆம்பளைங்களுக்கு இந்த டெஸ்ட் உண்டா மேடம்?” இல்லை என்றேன். “அப்ப ரொம்ப வேகமா ஓடுற ஆம்பளைய என்ன சொல்வாங்க?” உலகின் வேகமான மனிதன் என்று சொல்வார்கள். உசேன் போல்ட்டின் உயரம் 195 சென்டிமீட்டர். 100 மீட்டரில் அவருடைய 9.58 விநாடியில் அந்த நீண்ட காலுக்கும் பங்கு உண்டு. அது அவருக்கு வாய்த்த வரம். பெண்ணுக்கு உடல் எதையாவது கூடுதலாகக் கொடுத்திருந்தால் மட்டும் அது மோசடி போலப் பார்க்கப்படுகிறது.

பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லை வேண்டாமா என்று கேட்பவர்களை நான் ஒதுக்கவில்லை. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் இறுதிப் போட்டிகளில் பெண்களே இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த எல்லையை வரைந்தவர்கள் கண்ணால், குரோமோசோமால், ஹார்மோனால் என்று அளவுகோலை மாற்றிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே தகுதி பெற்ற ஒரு பெண்ணின் வாழ்க்கை விலையாகப் போனது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு எல்லாப் பெண்களுக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தேடுவது அட்லாண்டாவில் தேடிய அதே எஸ்ஆர்ஒய் மரபணுவைத்தான். வேண்டாம் என்று விட்டதை மறுபடி எடுத்திருக்கிறார்கள். சோதனை முடிவை அந்தப் பெண்ணுக்கு யார், எந்த மொழியில் சொல்வார்கள்? ரகசியம் காக்கப்படுமா? அவளுடைய படிப்புக்கும் வேலைக்கும் யார் பொறுப்பு? எல்லை வேண்டும் என்பவர்கள் முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும்.

சாந்தி பின்னர் பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016இல் தமிழ்நாடு அரசின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். தோஹாவின் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவரிடம் ஓடக் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. ஆனால் நம் மாணவிகள் அந்த 800 மீட்டரைப் பற்றிப் படிக்கும்போது, இரண்டாவதாக வந்து கோட்டைத் தொட்டவர் யார் என்று தெரிந்து படிக்க வேண்டும்.