தொலைவும் திறந்த ஏடும்: அலாஸ்காவின் சிற்றூர்களில் மதுபோதை வாகன வழக்குப் பதிவுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மாநிலமான அலாஸ்காவில், மதுபோதையில் வாகனம் ஓட்டிய வழக்குகளின் நீதிமன்றப் பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. எனினும் சாலைத் தொடர்பற்ற சிற்றூர் ஒன்றைச் சார்ந்த பதிவைக் கண்டறிவது எளிதன்று. ஆணையர் ஏடு, வட்டார மைய நீதிமன்றக் கோப்பு, இணையத் தேடல் என இப்பதிவுகள் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளன. ஒவ்வொரு நிலையிலும் சட்டம் கூறிய திறப்பைக் காட்டிலும், பதிவு இருந்த இடமே அதை யார் காணமுடியும் என்பதைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதன் வழி, இப்பதிவுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் உள்ள வரம்புகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அலாஸ்கா, பெத்தேல், நீதிமன்றப் பதிவுகள், மதுவிலக்கு, தனியுரிமை, ஆவணக் காப்பகம்

முன்னுரை

நீதிமன்ற ஆவணங்களைப் பார்வையிடவும் படியெடுக்கவும் பொதுமக்களுக்குப் பொதுச் சட்ட மரபின்படி உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978 ஆம் ஆண்டின் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் உறுதிசெய்தது. அவ்வுரிமை வரம்பற்றதன்று என்பதையும் அதே தீர்ப்பு சுட்டியது. பதினோராண்டுகளுக்குப் பின், 1989 இல் பத்திரிகையாளர் குழு தொடர்பான வழக்கில், பல இடங்களில் சிதறிக் கிடக்கும் பதிவுகளும் ஒரே கணினித் தொகுப்பாகத் திரட்டப்பட்ட பதிவுகளும் ஒன்றல்ல என்று அந்நீதிமன்றம் கருதியது. தேடுவதில் உள்ள இடர்ப்பாடே சிதறிய பதிவுக்கு ஒருவகை மறைவைத் தருகிறது என்பது அதன் உட்பொருள். இதனை ‘நடைமுறை மறைவு’ எனலாம்.

இவ்விரு கருத்துகளும் பெருநகரங்களை மனத்திற்கொண்டு பேசப்படுவது வழக்கம். முந்நூறு பேர் வாழும் ஊரில் இவை வேறு பொருள் கொள்கின்றன. அங்கு யார் குடித்தார், யார் வண்டி ஓட்டினார் என்பது ஊரார் அறிந்ததே. ஊரார் அறிந்தது எழுத்தாகி எங்குச் சென்று தங்குகிறது, அதனை யார் தேடி எடுக்கமுடிகிறது என்பதே ஆய்வுக்குரிய வினா.

ஆணையர் ஏடுகளின் காலம்

1884 ஆம் ஆண்டின் அமைப்புச் சட்டம் அலாஸ்காவுக்கு ஒரு மாவட்ட நீதிபதியையும் நான்கு ஆணையர்களையும் அளித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர் நிலப்பரப்புக்கு இதுவே முதல் நீதி அமைப்பாகும். 1900 இல் மூன்று நீதிப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. 1909 இல் அவை நான்காயின. ஆணையர் சிறு குற்றங்களை விசாரிப்பவராகவும், சொத்துப் பதிவாளராகவும், திடீர் மரணங்களை விசாரிப்பவராகவும் ஒருசேரப் பணியாற்றினார். அவர் வருவாய் பெரிதும் கட்டணங்களைச் சார்ந்திருந்தது.

அக்கால ஏடுகளில் மதுவைப் பற்றிய சட்டம் வாகனத்தைவிட விற்பனையையும் கொண்டுவருதலையுமே குறிவைத்தது. 1884 ஆம் ஆண்டுச் சட்டமே மது இறக்குமதியைத் தடைசெய்தது. 1916 இல் நடந்த வாக்கெடுப்பைத் தொடர்ந்து, 1918 சனவரி முதல் நாளிலிருந்து முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினருக்கு மது விற்பதைத் தனியே தடுத்த கூட்டாட்சிச் சட்டங்கள் 1953 வரை நீடித்தன. ஆகவே இக்கால ஏட்டில் ஒரு பெயர் இடம்பெறுவதற்குச் செயல் மட்டுமன்றி இனமும் காரணமாக இருக்கக்கூடும். பிற்கால வாகன வழக்குப் பதிவுகளோடு இவற்றை ஒரே வரிசையில் வைத்து எண்ணுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இவ்வேடுகள் இன்றிருக்கும் இடமும் கருதத்தக்கது. ஆட்புல நீதிமன்ற ஆவணங்களில் ஒரு பகுதி ஜூனோவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்திலும், மற்றொரு பகுதி தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பிலும் உள்ளன. ஆங்கரேஜ் நகரில் இயங்கிய தேசிய ஆவணக் காப்பகக் கிளை 2014 இல் மூடப்பட்டு, அதன் இருப்பில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2020 இல் சியாட்டில் கட்டடத்தையும் விற்று, ஆவணங்களைக் கான்சஸ் சிட்டிக்கும் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகருக்கும் அனுப்பத் திட்டமிடப்பட்டது. பழங்குடி அரசுகளும் மாநிலங்களும் வழக்குத் தொடுத்ததன் பின்னர், 2021 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறாமலேயே, ஒரு சிற்றூரின் பதிவு அவ்வூரிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகிச் செல்லமுடியும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

வட்டார மைய நீதிமன்றமும் சிற்றூரும்

1959 இல் அலாஸ்கா மாநிலமானபின் ஒருங்கிணைந்த நீதிமன்ற அமைப்பு உருவாயிற்று. பெரும்பாலான சிற்றூர்களுக்கு வானூர்தி, படகு, பனி ஊர்தி ஆகியவையே போக்குவரத்து. எனவே நீதிமன்றங்கள் வட்டார மைய ஊர்களில் அமைந்தன. குஸ்கோக்விம் ஆற்றங்கரையிலுள்ள பெத்தேல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆங்கரேஜுக்கு மேற்கே ஏறத்தாழ 640 கிலோமீட்டர் தொலைவில், சாலைத் தொடர்பின்றி அமைந்துள்ள இவ்வூரில் 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6,325 பேர் வாழ்ந்தனர். யூப்பிக் மக்கள் பெரும்பான்மையாக வாழும் 50-க்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்கு இதுவே மையம். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் பனிச்சாலை அமைக்கப்பட்டு, கார்களும் அதில் ஓடுகின்றன.

இச்சூழலில் ‘வாகனம் ஓட்டுதல்’ என்னும் சொல்லின் எல்லையே விரிவடைகிறது. அலாஸ்காவின் மதுபோதை வாகனச் சட்டம் இயந்திர வாகனத்தோடு வானூர்தியையும் நீரூர்தியையும் உள்ளடக்குகிறது. பனி ஊர்தியும், கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு நாற்சக்கர வண்டியும் அதில் அடங்கும். நெடுஞ்சாலையே இல்லாத ஊரிலும் இக்குற்றம் நிகழமுடிவது இதனாலேயே. முதற்குற்றத்திற்குக் குறைந்தது 72 மணி நேரச் சிறையும் 1,500 டாலர் தண்டமும் உண்டு. முந்தைய தண்டனைகள் அடுத்த தண்டனையை மிகுவிக்கின்றன. பத்தாண்டு எல்லைக்குள் மூன்றாம் முறை தண்டிக்கப்படுவது பெருங்குற்றமாகிறது. எனவே பழைய பதிவு வெறும் நினைவுச் சின்னமாக நின்றுவிடுவதில்லை. ஒரு வழக்கு சிறுகுற்றமா பெருங்குற்றமா என்பதை, சிற்றூர் மாஜிஸ்திரேட் ஒருவர் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒற்றை வரி முடிவுசெய்யக்கூடும்.

எந்த நீதிமன்றத்தில் தேடுவது என்பது அடுத்த சிக்கல். 1971 இல் அல்வராடோ எதிர் மாநிலம் என்ற வழக்கில் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. சிக்னிக் என்னும் தொலைதூரச் சிற்றூரில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட குற்றம் ஆங்கரேஜ் பகுதியினரைக் கொண்ட ஜூரியால் விசாரிக்கப்பட்டிருந்தது. குற்றம் நிகழ்ந்த சமூகத்தையும் உள்ளடக்கிய மக்களிலிருந்தே ஜூரி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என நீதிமன்றம் கூறியது. இதனைத் தொடர்ந்து விசாரணை இடங்களை வரையறுக்கும் குற்றவியல் விதி 18 மாற்றியமைக்கப்பட்டது. ஆகவே ஒரு சிற்றூரின் வழக்கைத் தேடுபவர், இன்றைய வரைபடத்தைக் கொண்டு தேடுவது போதாது. வழக்கு நிகழ்ந்த ஆண்டில் அவ்வூர் எந்த விசாரணை இடத்தைச் சார்ந்திருந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

வழக்கு எண் இதற்கு உதவுகிறது. அதன் முதல் இலக்கம் நீதி மாவட்டத்தையும், அடுத்த இரு எழுத்துகள் நீதிமன்றம் அமைந்த ஊரையும், அதற்கடுத்த இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ‘4பிஇ’ எனத் தொடங்கும் எண் நான்காம் மாவட்டத்தின் பெத்தேல் நீதிமன்றத்துக்குரியது. குற்றம் நிகழ்ந்த சிற்றூரின் பெயர் அவ்வெண்ணில் இடம்பெறுவதில்லை. ஐம்பது ஊர்களின் வழக்குகள் ஒரே குறியீட்டின்கீழ் கரைந்துவிடுகின்றன.

கோப்பு கிடைத்தபின்னும் தடை ஒன்று எஞ்சுகிறது. 1960 முதலே அலாஸ்கா நீதிமன்றங்கள் விசாரணைகளை ஒலிப்பதிவு செய்து வந்துள்ளன. மேல்முறையீட்டுக்குச் செல்லாத சிறுகுற்ற வழக்குகளுக்கு எழுத்துப்படி உருவாக்கப்படுவது அரிது. எனவே கோப்பில் குற்றச்சாட்டும் தீர்ப்பும் இருக்கும். ஒருவர் என்ன கூறினார் என்பது ஒலிநாடாவிலும், அதனோடு இணைந்த நிகழ்வுக் குறிப்பிலும் மட்டுமே இருக்கும்.

பதிவில் இடம்பெறாதவை

கண்டெடுத்த வழக்குகளை எண்ணி ஒரு சிற்றூரின் குடிப்பழக்கத்தை அளவிட முற்படுவது இத்துறையில் எளிதில் நேரக்கூடிய தவறாகும். சட்டத்தின் ஒரு கூறு இதனைத் தெளிவுபடுத்தும். 0.08 என்னும் மதுஅளவின் அடிப்படையில் குற்றம் சாட்டவேண்டுமாயின், வாகனம் ஓட்டிய நான்கு மணி நேரத்துக்குள் வேதிச் சோதனை செய்யப்பட்டிருக்க வேண்டும். காவலர் வானூர்தியில் வந்துசேரவேண்டிய ஊரில், காற்றும் பனியும் அந்நான்கு மணி நேரத்தை எளிதில் விழுங்கிவிடும். மதுவின் தாக்கத்தில் ஓட்டினார் என்று வேறு சான்றுகளால் நிறுவச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் சோதனையற்ற வழக்கு வலுக்குறைந்தது. ஆகவே பெத்தேலில் நிகழ்ந்த குற்றம் பதிவாவதும், ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சிற்றூரில் நிகழ்ந்த அதே குற்றம் பதிவாகாமற் போவதும் இயல்பே. பதிவுகளின் எண்ணிக்கை காவலரின் இருப்பையும் கருவியின் இருப்பையும் முதலில் காட்டுகிறது. குடியைப் பற்றி அதன் பின்னரே பேசுகிறது.

சிற்றூர்கள் மதுவைப் பொறுத்தவரை செயலற்று இருந்தன என்றும் கொள்ளமுடியாது. 1981 இல் விரிவுபடுத்தப்பட்ட உள்ளூர் விருப்பச் சட்டத்தின்படி, விற்பனையையும் இறக்குமதியையும் வாக்கெடுப்பால் தடைசெய்யும் அதிகாரம் ஊர்களுக்குக் கிடைத்தது. பின்னர் மது வைத்திருத்தலையும் தடைசெய்ய வழி ஏற்பட்டது. 100-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஏதேனும் ஒருவகைக் கட்டுப்பாட்டை ஏற்றன. பெத்தேல் 1970களிலிருந்து மது விற்பனையைத் தவிர்த்து, 2009 இல் அக்கட்டுப்பாட்டை வாக்கெடுப்பால் நீக்கியது. 2016 இல் அங்கு மதுக்கடை திறக்கப்பட்டது. தண்டனைப் பதிவுகளை மட்டும் வாசிப்பவர் குடித்தவரைக் காண்பார். குடிக்கெதிராக வாக்களித்த அண்டைவீட்டாரைக் காணமாட்டார். பழங்குடியினரைப் பற்றிய பழைய இழிமொழி ஆவணச் சான்று போலத் தோற்றமளிப்பது இவ்விடத்திலேயே.

இணையத் தேடலும் மீட்கப்பட்ட தொலைவும்

இன்று ‘கோர்ட்வியூ’ எனப்படும் தேடுதளத்தின் வழி அலாஸ்காவின் வழக்கு விவரங்கள் பலவற்றை எவரும் காணலாம். மாநில நீதிமன்றத்தின் நிர்வாக விதிகள், விலக்கப்பட்டவை தவிர ஏனைய நீதிமன்றப் பதிவுகள் பொதுவில் திறந்தவை என்கின்றன. ஆனால் தேடல் பெயரையோ வழக்கு எண்ணையோ வேண்டுகிறது. ‘இவர் என்ன செய்தார்’ என்று கேட்பவருக்கு அது விடைதரும். ‘இவ்வூரில் என்ன நிகழ்ந்தது’ என்று கேட்கும் வரலாற்றாய்வாளருக்கு விடைதராது.

பெயரும் உறுதியான வழிகாட்டி ஆகாது. குஸ்கோக்விம் வட்டாரத்தில் மூதாதையரின் திருமுழுக்குப் பெயர்களே பல குடும்பப் பெயர்களாக நிலைபெற்றன. ஒரே பெயரும் குடும்பப் பெயரும் கொண்டோர் பல ஊர்களில் வாழ்வது இதனால் நேர்கிறது. அயலார் ஒருவர் தேடும்போது ஒருவரின் குற்றம் மற்றொருவர்மேல் ஏறும் இடர் உண்டு. ஊரார்க்கு இக்குழப்பமில்லை, அவர்களுக்குத் தேடுதளமும் தேவையில்லை. நோம் நகரின் ‘நோம் நக்கெட்’ போன்ற உள்ளூர் இதழ்கள் காவல், நீதிமன்றச் செய்திகளைத் தொலைவிலுள்ள எவரும் தேடத் தொடங்கும் முன்பே வாசகர்க்கு அளித்து வந்தன. ஆகவே இணையத்தால் புதிதாக அறிவு பெற்றவர் ஊராரல்லர். வேலை தருவோரும் வீடு வாடகைக்கு விடுவோருமாகிய தொலைவிலுள்ளோரே. வேலைவாய்ப்பு மிகக் குறைந்த ஊர்களில் இம்மாற்றத்தின் விளைவு கடுமையானது.

1972 இல் அலாஸ்கா மக்கள் தம் அரசியலமைப்பில் தனியுரிமைப் பிரிவைச் சேர்த்தனர். குற்றவியல் தகவல்களைக் கணினியில் தொகுக்கும் திட்டம் எழுப்பிய அச்சம் அதன் பின்னணியில் ஒரு காரணமாக இருந்தது. அவ்வச்சத்திற்கான வரையறுத்த விடை 2016 இல் வந்தது. எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் விடுதலை பெற்றவர் அல்லது வழக்கு முற்றிலும் தள்ளுபடியானவரின் பதிவை, 60 நாள்களுக்குப் பின் நீதிமன்றம் பொது இணையதளத்தில் வெளியிடலாகாது எனச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் இணைய வெளியீட்டையே தடுக்கிறது. அதனால் மட்டும் தாள்கோப்பு மூடப்படுவதில்லை. அதாவது, தொழில்நுட்பம் அழித்த தொலைவை, குற்றமற்றவருக்கு மட்டும் சட்டம் மீட்டுத்தந்தது. தண்டிக்கப்பட்டவருக்கு அத்தொலைவு திரும்பவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், அலாஸ்காவின் சிற்றூர்களில் ‘பொதுப் பதிவு’ என்பது ஒருபோதும் எல்லார்க்கும் ஒரே அளவில் பொதுவாக இருந்ததில்லை என்பது பெறப்படுகிறது. ஆணையரின் ஏடு தொலைதூரக் காப்பகங்களில் தங்கியது. மையக் கோப்பு சிற்றூரின் பெயரைத் தன் குறியீட்டில் இழந்தது. இணையப் பட்டியல் தனிமனிதரின் பெயரை முன்னிறுத்தி ஊரைப் பின்தள்ளியது.

இதிலிருந்து ஆய்வாளர்க்கு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. முதலாவதாக, பதிவைத் தேடும் முன் அவ்வாண்டின் நீதி எல்லையைத் தேட வேண்டும். இரண்டாவதாக, பதிவின்மையைக் குற்றமின்மையாகவோ, பதிவின் மிகுதியைக் குடியின் மிகுதியாகவோ கொள்ளுதல் ஆகாது. மூன்றாவதாக, முந்நூறு பேர் வாழும் ஊரில் பெயரை நீக்கினாலும் ஆண்டும் வண்டியின் வகையும் சேர்ந்து ஒருவரை அடையாளம் காட்டிவிடும். சட்டம் திறந்துவைத்த கோப்பையும், எவ்வளவு எழுதுவது என்ற பொறுப்புடனேயே ஆய்வாளர் திறக்க வேண்டியுள்ளது.