கற்சிலைமடுவில் வன்னியன் வென்றிருப்பின்

1803 ஓகஸ்ட் மாதத்திற் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் ஆங்கிலத் தளபதி டிறிபேர்க்கிடம் தோற்றான். அன்று அவன் வென்றிருப்பின் வன்னி தன்னரசாய் நிலைத்திருக்குமோ?

மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மூன்று துறைகளும் ஆங்கிலேயர் வசமிருந்தன. கடல்வழியே புதுப் படைகள் வந்தேயிருக்கும். அதனைத் தடுக்க வல்லது, அவ்வாண்டு ஆங்கிலேயருடன் மீண்டும் போர் தொடுத்த பிரான்சின் கடற்படையொன்றே.

ஆயின் அத்துணைக்கு விலை யாது? பிலிப்பைன்சு நாட்டு வரலாறு விடை கூறும். 1898 மே மாதத்தில் அமெரிக்கக் கப்பற்படை மணிலாக் குடாவில் இசுப்பானியரை வென்றது. யூன் 12 இல் அகினால்டோ நாட்டின் சுதந்திரத்தைச் சாற்றினார். டிசம்பரிற் பாரிசு உடன்படிக்கையோ அந்நாட்டை 2 கோடி டொலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது.

1802 இல் அமியன்சு உடன்படிக்கையும் வன்னியரைக் கேளாமலே இலங்கைக் கரையோரத்தை ஆங்கிலேயருக்கு அளித்ததன்றோ? வன்னியன் களத்தில் வென்றிருப்பினும், வன்னியின் உரிமை ஐரோப்பிய உடன்படிக்கையொன்றிலேயே முடிவு செய்யப்பட்டிருக்கும் எனலாம்.