கிணறு, கஞ்சி, மையவாடி: புத்தளத்தின் எழுதப்படாத பக்கம்

நமது வரலாற்றுக் கட்டுரைகள் பெரும்பாலும் மரக்கலத்தில்தான் தொடங்குகின்றன. அறபு வணிகர் வந்தனர், கரையிறங்கினர், மணமுடித்தனர், பள்ளி கட்டினர் என்று போகும். புத்தளத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு 1344 முக்கியமான ஆண்டு. இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளம்தான் என்பது ஆய்வாளரிடையே பரவலான கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்ததும், முத்துகளைக் காட்டியதும், பாவா ஆதம் மலைக்குத் துணையோடு அனுப்பிவைத்ததும் அவருடைய பயணநூலில் உள்ளன. வந்த முசாபிரைக் கரை வரவேற்ற கதை அது.

அதற்கு 646 வருடங்களுக்குப் பிறகு அதே கரையோரத்துக்கு மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். இம்முறை வந்தது ஒருவரல்லர், ஆயிரக்கணக்கானோர். அவர்களை வரவேற்க அரசனும் இல்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அப்படி வெளியேற்றப்பட்டோர் ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தாருக்கு 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் மக்கள் கடற்கரையில் காத்துக்கிடந்து, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். மன்னாரும் புத்தளமும் ஒன்றுக்கொன்று அந்நியமான ஊர்களல்ல. சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக் காலந்தொட்டு ஆட்களும் பண்டங்களும் போய்வந்த கரை இது. வில்பத்துக்குள்ளால் மன்னாருக்குப் பழைய பாதையும் இருந்தது. என்றாலும் விருந்துக்கு வருவது வேறு, வீடிழந்து வருவது வேறு.

அப்போது நான் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. எங்கள் வளவுக் கிணற்றடியில் ஒருநாள் காலையில் முன்பின் தெரியாத பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். “அவங்களும் நம்மட ஆக்கள்தான் மகன், அந்த வாளியக் குடு” என்றா. உம்மாவுக்கு வரலாறு எழுதத் தெரியாது. ஆனால் அன்று அந்த வளவில் நடந்தது வரலாறுதான்.

பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் முதலில் திறந்துகொண்டன. பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. 1991 மார்ச்சில் நோன்பு வந்தது. பள்ளியில் கஞ்சிக்கு அரிசி அளந்து போடுகிறவர், வழக்கமான கணக்கை விட்டுவிட்டுத் தலையை எண்ணத் தொடங்கினார். அந்த வருடங்களில் மௌத்தானவர்களுக்கு எங்கள் மையவாடியிலேயே குழி வெட்டப்பட்டது. பிறந்த மண்ணில் அடங்கக் கொடுத்துவைக்காதவருக்கு ஜமாஅத் தன்னுடைய மண்ணைக் கொடுத்தது. இதைவிடப் பெரிய உரித்து எதை எழுதிக் கொடுக்க முடியும்?

இதை மேடைகளில் முஹாஜிர்கள் – அன்ஸாரிகள் என்று ஒப்பிட்டுப் பேசுவோம். முதல் மாதங்களுக்கு அந்த ஒப்பீடு பொருந்தும். ஆனால் அந்த ஒப்பீட்டோடு நாம் நிறுத்திக்கொள்வதால் அதற்குப் பின்னால் நடந்தவை மறைந்துபோகின்றன. கிணறுகளில் ஆட்கள் கூடக்கூட நீர் உவர்த்தது. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்கு ஆள் பெருகவே நாட்கூலி இறங்கியது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு, வந்த பிள்ளைகளுக்குப் பின்னேரம் என்று பாடசாலைகள் இரண்டு நேரமாக ஓடின. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே வடக்கின் வாக்காளர் இடாப்பில் பெயர் வைத்திருந்தார்கள். நிவாரணத்திலும் காணியிலும் மனக்கசப்பு வளர்ந்தது. தொழுகையில் தோளோடு தோள் நின்றவரைச் சந்தையில் ‘அகதி’ என்று கூப்பிட்டோம். முகாமிலே பிறந்து, புத்தளத்தைத் தவிர வேறு ஊரைக் கண்டிராத பிள்ளைக்கும் அதே பெயர்தான். நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை.

அப்படியிருந்தும் ஜமாஅத் உடையவில்லை. சண்டை பிடித்தவர்களே ஜனாஸாவுக்கு முதலில் வந்தார்கள். சம்பந்தம் கலந்தார்கள். நாகவில்லுவில் குடியேறிய எருக்கலம்பிட்டி மக்கள் தங்கள் ஊரின் பெயரையும் கூடவே கொண்டுவந்து வைத்தார்கள். 2009க்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள். போனவர்களில் பலருடைய காணியில் காடு மண்டியிருந்தது. சிலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். வாப்பாவின் கபுறு இங்கே, வாப்பாவின் வளவு அங்கே என்று இரண்டுக்கும் நடுவில் வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஈமான் பெரிய நாட்களில் மட்டும் வெளிப்படுவதல்ல. வாளியை நீட்டுவதிலும், கஞ்சியில் இன்னொரு கோப்பை கூட்டுவதிலும், கோபித்தவனுடைய சந்தூக்கைத் தோளில் சுமப்பதிலும் அது இருக்கிறது. ஆனால் இவற்றுக்குக் கல்வெட்டு இல்லை. பள்ளிவாசல்களின் பழைய கணக்குக் கொப்பிகளிலும், மையவாடிப் பதிவுகளிலும், அறுபது எழுபது வயதைத் தாண்டிய உம்மாமாரின் ஞாபகத்திலும்தான் சான்று கிடக்கிறது. கொப்பிகளைக் கறையான் தின்கிறது. உம்மாமார் ஒவ்வொருவராகப் போகிறார்கள். என்னுடைய உம்மாவும் போய்விட்டா. அந்தக் காலையைப் பற்றி அவவிடம் நான் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

தமிழ் படிப்பிக்கிற என்னைப் போன்றவர்கள் மாணவரிடம் 1344ஐப் பாடமாக்கச் சொல்லட்டும். அதோடு, வீட்டில் மூத்தம்மாவிடம் 1990ஐக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிவரவும் சொல்லட்டும். ஊராரின் பிள்ளையும் வந்தவரின் பிள்ளையும் அந்த இரண்டு பக்கங்களை ஒரே வகுப்பில் வாசிக்கட்டும்.