தீராத முறையீடு: கொரியப் பள்ளிப் பேய்ப்பட வரிசையில் இரண்டாம் படத்தின் இடம்

ஒரு திரைப்படத்தின் இரண்டாம் பாகம், முதற்பாகத்தின் கதைமாந்தரையோ அதில் அவிழாது நின்ற முடிச்சையோ தொடர்ந்து எடுத்துச் செல்வதே வழக்கம். தென்கொரியாவில் 1998 முதல் 2021 வரை ஆறு படங்களாக வெளிவந்த ‘யோகோ குவேதம்’ வரிசை இவ்வழக்கத்துக்குப் புறம்பானது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பேய்க்கதை என்று பொருள்படும் அப்பெயரும், பள்ளி என்னும் களமும் தவிர, இந்த ஆறு படங்களையும் இணைக்கும் கதைமாந்தரோ இயக்குநரோ நிகழ்ச்சித் தொடர்போ கிடையாது. வசூல் கண்ட ஒரு பெயரை மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொண்ட தனித்தனிப் படங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், கதை அறுந்து இடம் மட்டும் நீள்வதிலேயே இவ்வரிசையின் மையப்பொருள் தங்கியுள்ளது என்பதும், தனிமனிதர் ஒருவரைத் தண்டிப்பதால் மட்டும் பேயின் முறையீடு தீர்ந்துவிடாது என்னும் வாதத்தை அந்த வடிவமே முன்வைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வரிசையின் இரண்டாம் படமான ‘மெமெண்டோ மோரி’ (1999) இதற்குத் தலைமைச் சான்றாகிறது. தமிழ்ப் பேய்ப்படத் தொடர்களும் புனே நகரின் பெண்கல்வி வரலாறும் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

1. முதற்படமும் அதன் காலமும்

திரைப்படங்களை வெளியீட்டுக்கு முன்பே அரசு தணிக்கை செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று தென்கொரிய அரசமைப்பு நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் நாடு கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. பேசத் தடையிருந்தவற்றைப் பேசும் உரிமையும், கல்வியால் வாழ்வு உறுதிப்படும் என்னும் நம்பிக்கையில் விழுந்த விரிசலும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து சேர்ந்த அந்தச் சூழலில்தான், பார்க் கி-ஹியுங் இயக்கிய முதற்படம் 1998இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. மாணவியரை அடித்தும் இழிவுபடுத்தியும் நடத்தும் ஆசிரியர்களை அது வெளிப்படையாகக் காட்டியதால் ஆசிரியர் தரப்பிலிருந்து எதிர்ப்பும் எழுந்தது.

அங்குள்ள மேல்நிலைக் கல்வி மூன்றாண்டுகள் கொண்டது. அது முழுவதும் ‘சுனுங்’ எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நோக்கியே நகர்கிறது. 1993இல் அறிமுகமான இத்தேர்வு ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும்போது, ஆங்கிலச் செவித்திறன் பகுதிக்கு இடையூறு நேராதிருக்க நாடெங்கும் வானூர்திகள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. பகல் வகுப்புகள் முடிந்த பின்னும் மாணவர்கள் பள்ளியிலேயே இரவு வரை அமர்ந்து படிக்கும் முறையும் அன்று பரவலாக இருந்தது. இருட்டிய பின்னும் ஆள் நடமாட்டம் ஓயாத பள்ளி என்னும் இந்த அன்றாட நிலையே பேய்க்கதைக்கான களத்தை ஆயத்தமாக அமைத்துத் தந்தது எனலாம்.

முதற்படத்தில், இறந்துபோன மாணவி ஒருத்தி ஒன்பது ஆண்டுகளாக வெவ்வேறு பெயர்களில் அதே பள்ளியில் சேர்ந்து பயின்றுவருகிறாள். எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு பேயால் இத்தனை காலம் மாணவியாகவே அமர்ந்திருக்க முடிகிறதென்றால், உயிரோடிருக்கும் மாணவியரின் முகங்களையும் அப்பள்ளி பார்ப்பதில்லை என்றே கொள்ள வேண்டும். மதிப்பெண்ணையும் தர வரிசையையும் மட்டுமே காணும் நிறுவனத்தில் ஆளுக்கும் ஆவிக்கும் வேறுபாடு தெரிவதில்லை என்னும் இக்கண்டனம் அச்சக் காட்சிகளைவிட ஆழமானது.

2. நடுவர் இல்லாத மன்று

கொரிய மரபில் பெண்பேய் என்பவள் பெரும்பாலும் அநீதியாக இறந்தவள். மிரியாங் ஊரில் வழங்கும் ஆராங் கதை இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. தன்னை வன்முறைக்கு உள்ளாக்க முயன்றவனை எதிர்த்ததால் கொல்லப்பட்ட அதிகாரி மகள், அடுத்தடுத்துப் பதவியேற்க வரும் அதிகாரிகள் முன் தோன்றுகிறாள். அவர்கள் அஞ்சியே இறந்துபோகிறார்கள். இறுதியில் துணிவுள்ள ஒருவர் அவள் சொல்வதைக் கேட்டுக் கொலையாளியைத் தண்டித்ததும் அவள் அமைதியடைகிறாள். பேய் இங்கு வழக்காளி, அதிகாரி நடுவர், தண்டனையே தீர்ப்பு.

தமிழ் நாட்டார் மரபும் இதற்கு அயலானதன்று. அநியாயமாகக் கொலையுண்டோர் தெய்வமாக்கப்பட்டு, தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டின் வழியாக அவர்தம் கதை ஆண்டுதோறும் கொடைவிழாக்களில் பாடப்படுகிறது. ஊர் கூடிக் கேட்பதும் படையலிடுவதும் இறந்தவரின் சினத்தைத் தணிக்கின்றன. தீர்ப்பளிக்கும் அதிகாரி மிரியாங்கில் ஏற்கும் இடத்தை இங்கே கேட்கும் ஊர் ஏற்கிறது. இரு மரபுகளிலும் பேயின் சொல்லைச் செவிமடுக்கும் பொறுப்புள்ள ஒருவர் உண்டு என்பதே அடிப்படை.

பள்ளிப் பேய்ப்படம் இந்த அமைப்பைத்தான் உடைக்கிறது. பள்ளியில் நடுவர் நிலையில் இருக்க வேண்டியவர் ஆசிரியர். ஆனால் இப்படங்களில் குற்றம் சாட்டப்படுபவரும் அவரே. மாணவி தன் குறையைச் சொல்ல வேண்டிய வாயிலே அவளுக்கு எதிராக மூடப்பட்டிருக்கும்போது, அவள் இறந்த பின்னும் முறையிடுவதற்கு இடமில்லை. எனவே, தீர்ப்பில் முடிய வேண்டிய பழைய பேய்க்கதை, முடிவே இல்லாத வரிசையாக உருமாறுகிறது.

3. ‘மெமெண்டோ மோரி’: கேட்பவளின் கதை

கொரியத் திரைப்படக் கலைக் கழகத்தில் பயின்ற கிம் டே-யோங், மின் கியூ-டாங் ஆகிய இருவரும் இணைந்து இயக்கிய ‘மெமெண்டோ மோரி’ 1999 டிசம்பரில் வெளியானது. முதற்படத்தின் வசூலை அது எட்டவில்லை. ஹியோ-சின், சி-யுன் என்னும் இரு மாணவியர் ஒருவரையொருவர் காதலிக்கின்றனர். இருவரும் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பு மின்-ஆ என்னும் மூன்றாமவள் கையில் கிடைக்கிறது. மாணவியருக்கு உடற்பரிசோதனை நடக்கும் நாளொன்றில் ஹியோ-சின் பள்ளிக் கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறக்கிறாள். மின்-ஆ படிக்கப் படிக்க, நிகழ்காலமும் கடந்தகாலமும் முன்பின்னாகக் கலந்து விரிகின்றன.

முறையீட்டைக் கேட்பவர் யார் என்னும் கேள்விக்கு இப்படம் தரும் விடை புதியது. ஆராங் கதையின் அதிகாரிக்கு உள்ள அதிகாரம் மின்-ஆவுக்கு இல்லை. யாரையும் தண்டிக்கவும் அவளால் இயலாது. ஆனால் அவள் படிக்கிறாள். பள்ளி எழுதி வைக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் உயர, எடைக் குறிப்புகளுக்கும் மாற்றாக, மாணவியரே எழுதிய ஓர் ஆவணம் இன்னொரு மாணவியால் படிக்கப்படுகிறது. உடற்பரிசோதனை நாளைக் கதையின் களமாகத் தேர்ந்ததில் இயக்குநர்களின் நுட்பம் தெரிகிறது. உடலை அளந்து பதிவுசெய்யும் நிறுவனமும், அந்த உடலுக்குள் நிகழ்வதை எழுதி வைத்த நாட்குறிப்பும் ஒரே நாளில் எதிரெதிரே நிற்கின்றன.

தன்பாலினக் காதலை இப்படம் எடுத்துக்கொண்ட காலத்தையும் மறத்தலாகாது. இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இளையோருக்குத் தீங்கானவை என்று வகைப்படுத்தப்பட்டவற்றுள் தன்பாலீர்ப்பும் அன்று இடம்பெற்றிருந்தது. 2004இல்தான் அது நீக்கப்பட்டது. வகுப்பறையில் அனைவர் கண்முன்னும் ஹியோ-சின் சி-யுனை முத்தமிடும் காட்சி இந்தப் பின்னணியில் துணிவான சாட்சியமாகிறது. அவளைச் சிதைத்தவர் ஒருவர் மட்டுமல்லர். ஒதுக்கிய தோழியர், வதந்தி பேசிய வகுப்பு, தன் நிலையைத் தவறாகப் பயன்படுத்திய ஆசிரியர், பின்வாங்கிய காதலி என்று பொறுப்பு பலரிடையே பரவிக் கிடக்கிறது. இறுதியில் கதவுகள் அடைபட்டு, பள்ளி முழுவதும் பதறி ஓட, ஹியோ-சினின் பெருமுகம் மேலிருந்து அனைவரையும் பார்க்கிறது. பேய் இங்கு ஒருவரைக் குறிவைக்கவில்லை, பள்ளியையே நோக்குகிறது.

4. தொடர்ச்சியின் இருவகை

தமிழில் ‘முனி’ (2007) தொடங்கிய வரிசையிலும், 2014இல் தொடங்கிய ‘அரண்மனை’ வரிசையிலும் பேய் அநீதிக்கு ஆளானதே. ‘முனி’ வரிசையின் ‘காஞ்சனா’வில் (2011) கொல்லப்பட்ட திருநங்கையின் கோபத்துக்குக் கிடைத்த மதிப்பு, தமிழ் வெகுமக்கள் சினிமாவில் அரிதாகக் கண்ட ஒன்று. இருப்பினும் அங்கு அநீதிக்கு முகம் ஒன்று உண்டு. நாயகன் உடலில் புகும் ஆவி அம்முகத்தை அழித்ததும் கணக்கு நேராகிறது. அடுத்த படத்துக்குப் புதிய பேயும் புதிய வில்லனும் தேவைப்படுகிறார்கள். பேய்க்கு அஞ்சும் நாயகனோ மாறாமல் தொடர்கிறான். வில்லுப்பாட்டு மரபின் தீர்வை நோக்கிய வேட்கை இதில் உயிரோடிருப்பதால் இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அநீதியை என்றும் தனி வில்லனிடம் ஒப்படைத்துவிடுவதால், அவனை உருவாக்கிய அமைப்பு கேள்விக்கு உள்ளாகாமல் தப்பிவிடுகிறது.

கொரியப் பள்ளிப்படங்கள் அனைத்தும் ‘மெமெண்டோ மோரி’யின் நெறியில் நின்றன என்பதற்கில்லை. வேறொரு வரிசையைச் சேர்ந்த ‘டெத் பெல் 2’ (2010), கோடை விடுமுறையில் சிறப்புப் பயிற்சிக்காகப் பள்ளியில் தங்கும் மாணவர்களை, முன்பு இறந்த நீச்சல் வீராங்கனை ஒருத்தியின் மரணத்தோடு தொடர்புபடுத்திக் கொலைகளைத் தொடுக்கிறது. விடை கண்டால் உயிர், தவறினால் சாவு என்று தேர்வையே கொலைக்கருவியாக்கும் கற்பனை வலியது. எனினும் கொலையாளி யார் என்னும் புதிரே படத்தை நடத்திச் செல்வதால், புதிர் அவிழ்ந்ததும் தேர்வு பற்றிய கண்டனமும் அதனுடன் கரைந்துவிடுகிறது. ஒரே பள்ளி, ஒரே கோபம் என்றாலும், குற்றத்தைப் பகிர்ந்தளிக்கும் படம் நிலைபெறுகிறது. ஒருவர் தலையில் கட்டும் படம் வலுவிழக்கிறது.

வணிகக் காரணம் ‘யோகோ குவேதம்’ வரிசைக்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. புதுமுக நடிகையரும், ஒற்றைக் களமும், அறிமுகமான பெயரும் செலவைக் குறைத்து வரவை உறுதிசெய்தன. எனினும் ஒரு கலைவடிவம் எக்காரணத்தால் தோன்றியது என்பதும், தோன்றிய பின் எதைச் சொல்ல வல்லதாகிறது என்பதும் தனித்தனியே ஆராயத்தக்கவை. ஆண்டுதோறும் மாணவியர் மாற, கட்டடம் மட்டும் அப்படியே நிற்பது பள்ளியின் இயல்பு. படத்துக்குப் படம் முகங்கள் மாற, களம் மாறாதிருக்கும் வரிசை அவ்வியல்பையே தன் வடிவமாக ஏற்றிருக்கிறது.

5. புனேயிலிருந்து ஒரு வினா

இந்தியச் சூழலில் இவ்வாதத்துக்கு எழும் வலுவான மறுப்பைப் புனே நகரமே முன்வைக்கிறது. 1848இல் சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் இந்நகரின் பிடே வாடாவில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். பாடம் நடத்தச் சென்ற சாவித்திரிபாய் மீது வழியில் சேறும் சாணமும் எறியப்பட்டன. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பள்ளியை அச்சத்தின் இடமாகக் காட்டலாமா என்பது நியாயமான வினா. கொரியாவிலும், மேரி ஸ்கிரான்டன் என்னும் சமயப் பணியாளர் 1886இல் சியோலில் நிறுவிய இஹ்வா பள்ளியே பெண்களுக்கு நவீனக் கல்வியின் வாயிலைத் திறந்தது. இரு நாடுகளிலும் பெண்கள் பள்ளி விடுதலையின் சின்னமாகவே பிறந்தது.

ஆனால் விடுதலைக்காகக் கட்டிய இடம் பின்னர் எதுவாக மாறியுள்ளது என்று கேட்பது அவ்விடுதலையைக் காப்பதற்கான கேள்வியே ஆகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2021, 2022 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இந்தியாவில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்துள்ளனர். புனேயின் சதாசிவ் பேட்டையிலும் நவி பேட்டையிலும் ‘அப்யாசிகா’ எனப்படும் வாடகைப் படிப்பறைகளில், அரசுப் பணித் தேர்வுகளுக்காக இளைஞர் பலர் இரவும் பகலும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பை மதிக்கும் சமூகம் அவர்களுடைய தனிமையைக் கேட்கும் வழியை இன்னும் அமைத்துத் தரவில்லை. உதகமண்டலத்தில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட உறைவிடப் பள்ளியொன்றில், மாணவர்களிடையே நிகழும் கொடுமையைப் பேய்க்கதையாக்கிய ‘அதூரா’ (2023) என்னும் இந்தித் தொடர், இந்தியப் படைப்பாளிகளும் இத்திசையில் நகரத் தொடங்கியிருப்பதைக் காட்டுகிறது.

1960இல் பிரபாத் படப்பிடிப்பு வளாகத்தில் தொடங்கிய திரைப்படக் கல்வி நிலையமும், 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அமைந்த நகரம் புனே. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றதும் இங்குதான். ஆசியப் பேய்ப்படங்களை உலகத் திரைக்கலையின் ஓரத்தில் வைக்காமல், கல்வி குறித்த சமூக ஆவணங்களாக ஒப்பிட்டு ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது. அவ்வாராய்ச்சி படம் எவ்வளவு அச்சுறுத்துகிறது என்பதோடு நில்லாமல், இறந்தவரின் முறையீட்டை யார் கேட்கிறார்கள், கேட்டவருக்கு என்ன கடமை பிறக்கிறது என்பவற்றையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அந்த அளவுகோலின்படி ‘மெமெண்டோ மோரி’ தன் வரிசைக்கே இலக்கணம் வகுத்த படைப்பு. அதிகாரமற்ற ஒரு மாணவிக்கு நேர்ந்த கேட்கும் கடமையை, அதிகாரமுள்ள பள்ளிகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர் உயிரோடிருக்கும்போதே ஏற்க வேண்டும் என்பதே அப்படம் விடுக்கும் கோரிக்கை. தமிழ்த் திரைக்கும் அக்கோரிக்கை முழுமையாகப் பொருந்தும்.